பெண்களுக்கு அலுவலகக் கதவைத் திறந்த ஸ்பின்னர்

அமெரிக்க அரசாங்க அலுவலகங்களில் பெண்கள் பெருமளவில் வேலைக்குச் சேர வழிவகுத்தவர் பிரான்சிஸ் ஸ்பின்னர். 1802இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த இவர், வங்கியாளராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1861இல் அதிபர் ஆப்ரகாம் லிங்கன் இவரைக் கருவூலத் தலைவராக நியமித்தார்.

அப்போது உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. போர்ச் செலவைச் சமாளிக்க அரசாங்கம் காகிதப் பணம் அச்சிட்டது. தாள்தாளாக வந்த நோட்டுகளை ஆண் கிராணிகள் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்தனர். போர்முனைக்கு ஆண்கள் தேவைப்பட்ட நேரம் அது. 1862இல் அந்த வேலையில் பெண்களை அமர்த்தினார் ஸ்பின்னர். பிறகு நோட்டு எண்ணுவது, கணக்கு எழுதுவது என அவர்களின் பணி விரிந்தது. போரில் கணவரையோ தந்தையையோ இழந்த பலரின் குடும்பத்தை அந்தச் சம்பளமே காத்தது.

ஆனால், சம்பளம் சமமாக இல்லை. ஆண் கிராணிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 1,200 டாலர். பெண்ணுக்கு 600 டாலர்தான். செலவு குறையும் என்பதும் பெண்களைச் சேர்த்ததற்கு ஒரு காரணம். ஆயினும், போர் முடிந்த பிறகும் எதிர்ப்புகளை மீறி அவர்களை வேலையில் வைத்திருந்தார் ஸ்பின்னர்.

1875இல் பதவி விலகிய அவர், 1890இல் காலமானார். அரசாங்கப் பெண் ஊழியர்கள் பணம் திரட்டி அமைத்த அவருடைய சிலை, 1909இல் அவரின் சொந்த வட்டாரமான ஹெர்கிமரில் திறக்கப்பட்டது.