நிலத்தை விற்று ஆக்ஸ்ஃபோர்டு போன பழங்குடி எழுத்தாளர்... யார் இந்த டார்சி மெக்நிக்கிள்?

1925-ம் ஆண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 21 வயது இளைஞர் ஒருவர் தன் பெயரில் இருந்த நிலத்தை விற்கிறார். கடனை அடைக்க இல்லை, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் படிக்க!

அது சாதாரண நிலமும் இல்லை. ஃபிளாட்ஹெட் பகுதியில் பழங்குடிகள் பொதுவில் வைத்திருந்த மண்ணை அமெரிக்க அரசு துண்டு போட்டு, ஆளுக்கு ஒரு பங்கு எனக் கொடுத்தது. மிச்சத்தை வெள்ளையர் குடியேறத் திறந்துவிட்டது. அப்படிக் கிடைத்த பங்கைத்தான் டார்சி மெக்நிக்கிள் விற்றார்.

யார் இவர்?

1904-ல் செயின்ட் இக்னேஷியஸ் ஊரில் பிறந்தவர். அப்பா ஐரிஷ் வம்சாவளி. அம்மாவோ கனடாவின் மேட்டீ சமூகம். அங்கே 1885 கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் எல்லை தாண்டி வந்த குடும்பம். சேலிஷ்-கூட்டனை பழங்குடிகள் இவர்களைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்பா, அம்மா பிரிந்ததும் சிறுவன் டார்சியை ஓரிகனில் உள்ள செமாவா அரசு விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பழங்குடிப் பிள்ளைகளிடம் தாய்மொழியையும் பழக்கவழக்கத்தையும் மறக்கடிப்பதுதான் இந்த மாதிரிப் பள்ளிகளின் வேலையே.

சரி, ஆக்ஸ்ஃபோர்டு என்னாச்சு?

பட்டம் கிடைக்கல. மொன்டானாவில் படித்ததை அங்கே முழுசா கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, கூடுதல் காலம் படிக்கக் கையில் காசும் இல்லை. நிலமும் போச்சு, படிப்பும் போச்சு. பிறகு நியூயார்க்கில் எடிட்டிங் வேலை பார்த்துக்கொண்டே ஒரு நாவலை எழுதினார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்ப, வருடக்கணக்கில் திருத்தி எழுதினார். சேலிஷ் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த ஆர்ச்சில்ட் என்பவன் ஊர் திரும்பும் கதை அது. முதல் பிரதியில் ஹீரோவை பாரிஸ் வரை அனுப்பியிருந்தார். கடைசிப் பிரதியில் அவன் ஊரிலேயே மாட்டிக்கொள்கிறான். இந்த மாற்றம்தான் நாவலையே தூக்கி நிறுத்தியது எனலாம்.

1936-ல் 'தி சரவுண்டட்' வெளியானது. பாராட்டு வந்தது, விற்பனை இல்லை. அதே ஆண்டு பழங்குடி விவகாரங்களுக்கான அரசு அலுவலகத்தில் சேர்ந்தார். நிலத்தைத் துண்டு போடும் திட்டத்தை அரசு நிறுத்தி அப்போது 2 வருடம்தான் ஆகியிருந்தது. 1944-ல் அமெரிக்கப் பழங்குடிகளின் தேசிய மாநாடு என்ற அமைப்பை உருவாக்கியவர்களிலும் இவர் ஒருவர்.

கடைசி வரை தேர்வெழுதிப் பட்டம் வாங்காத இவர், 1966-ல் கனடாவின் ரெஜைனாவில் பேராசிரியர் ஆனார். 1977-ல் காலமானார். அடுத்த வருடமே 'தி சரவுண்டட்' மறுபதிப்பாக வந்தது. பழங்குடி நிலம் பறிபோவதைப் பேசும் அவரது கடைசி நாவலும் அந்த வருடம்தான் அச்சேறியது.