துயரில் பிறந்த தொண்டு

நோயைத் தீர்ப்பது மருத்துவம். இந்த நோய் தீராது என்று தெரிந்துவிட்டால் மருத்துவத்தின் கடமை அத்துடன் முடிந்துவிடுகிறதா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தபோது இந்த வினாதான் என் உள்ளத்தில் எழுந்தது.

கல்வியும் பொதுவாழ்வும்

அம்மையார் 1886-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே இடம் பெற்றார். அக்கல்லூரி இன்று நம் கல்லூரியைப் போலவே ஓர் அரசுக் கல்லூரி என்பது நமக்குப் பெருமை. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறை ஒழியப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக 1930-இல் அவ்வை இல்லம் கண்டார். இவை நாம் அறிந்தவை. நான் சொல்ல விரும்புவது வேறொன்று.

தங்கையின் மரணம்

1923-இல் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று தெரியவே நாளாயிற்று. தெரிந்த பின்னும் செய்வதற்கு ஒன்றுமில்லை. அக்காள் மருத்துவர், ஆயினும் தங்கையின் வேதனையைக் காணத்தான் முடிந்தது, போக்க முடியவில்லை. அந்தத் துயரை அவர் அழுது தீர்த்துவிடவில்லை. இனி ஒருவரும் இப்படிக் கைவிடப்படலாகாது என்று உறுதி பூண்டார்.

புற்றுநோய் வந்தவர் பிழைப்பதில்லை, அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்று எண்ணிய காலம் அது. அம்மையார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. தங்கை மறைந்து முப்பத்தோரு ஆண்டுகள் கழிந்திருந்தன! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். 1968-இல் அம்மையார் மறைந்தார்.

செவிலியரின் கை

அம்மையார் மறைவதற்கு முந்தைய ஆண்டு, 1967-இல், லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். முதலில் செவிலியாகவும் பின்னர் மருத்துவராகவும் பணியாற்றியவர் அவர். குணமாகாதவர்களுக்கான இல்லம் அது. வலி உடலில் மட்டுமில்லை. குடும்பக் கவலையிலும், தனிமையிலும், இத்தனை நாள் வாழ்ந்தது எதற்கு என்ற ஏக்கத்திலும் இருக்கிறது என்று அவர் கண்டார். வலி திரும்பி வருமுன்னே வேளை தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய முறை.

வலி அடங்கினால்தான் மனிதன் மனிதனாகப் பேச முடியும். புண்ணைக் கழுவி, வாயைத் துடைத்து, படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடும் செவிலி, அருகில் அமர்ந்து இன்னும் என்ன ஆசை இருக்கிறது என்று கேட்கிறாள். பேசாதிருந்த தம்பியைப் பார்க்க வேண்டும் என்பார் ஒருவர்; பேத்திக்குத் தம் கதையைச் சொல்ல வேண்டும் என்பார் இன்னொருவர். அது நிறைவேறும்போது எஞ்சிய பத்து நாளும் வாழ்நாளாகிறது. சாவுக்குக் காத்திருக்கும் நாளாக இருப்பதில்லை.

நம் ஊரும் நம் கடமையும்

பல்லடம் சாலையில் உள்ள எங்கள் அருள்புரத்தில் பனியன் கம்பெனி வேலையை நம்பியே பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு உறவினரும் தொலைவில். இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனை அனுப்பிவிட்டால், நோயாளி லைன் வீட்டின் ஒற்றை அறையில் பகலெல்லாம் தனியே கிடக்க நேர்கிறது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றஞ்சி எட்டிப் பார்க்காதவர்களும் உண்டு. புற்றுநோய் தொற்றுநோயன்று என்பதைப் படித்த நாமாவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

2021-இல் நம் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலி தணிக்கும் பராமரிப்பை வீட்டுக்கே கொண்டுசெல்லவும் வழி செய்யப்பட்டது. செவிலியர் வந்து போகலாம். மற்ற நேரத்தில் அருகிருக்க வேண்டியவர்கள் அக்கம்பக்கத்தார்தாம். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு நோயாளியின் அருகே அமர்ந்து அவர் பேசுவதைக் கேட்க நம்மால் முடியாதா? தீர்க்க முடியாத துயரையும் தொண்டாக மாற்றலாம் என்று காட்டியவர் முத்துலட்சுமி அம்மையார். அவர் பிறந்த நாளில் நாம் செய்யத்தக்க சிறப்பு இதுவே.