கொட்டகையில் பிறந்த தீப்பொறி!

சாவியைத் திருகினால் கார் கிளம்புகிறது. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா, குட்டீஸ்? 1910-ம் ஆண்டு வாக்கில் கார் ஓட்டுபவருக்குக் கையில் பலமும் வேண்டும், மனதில் துணிச்சலும் வேண்டும். காரின் முன்பக்கம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். சில சமயம் என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். கைப்பிடி திரும்பி வந்து அடித்தால் மணிக்கட்டு முறியும். தாடை உடைந்தவர்களும் உண்டு. அந்தக் கைப்பிடிக்கு விடை கொடுத்தவர்தான் சார்லஸ் கெட்டரிங்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லௌடன்வில் என்ற ஊருக்கு அருகே, ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876 ஆகஸ்ட் 29 அன்று பிறந்தார் கெட்டரிங். சிறு வயதிலிருந்தே பார்வை மங்கல். கொஞ்ச நேரம் படித்தாலே தலைவலி வந்துவிடும். பள்ளி ஆசிரியராகச் சில காலம் வேலை பார்த்துவிட்டு, பொறியியல் படிக்க ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண் தொல்லையால் படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. சோர்ந்து உட்காரவில்லை. தொலைபேசிக் கம்பம் நடும் கூட்டத்தில் சேர்ந்து, குழி தோண்டி, கம்பி இழுத்தார். மின்சாரம் அவருக்குப் பழகியது புத்தகத்தில் அல்ல, அந்தக் கம்பங்களில்தான்! உடம்பு தேறியதும் மீண்டும் கல்லூரிக்குப் போனார். அறைத்தோழர்கள் பாடத்தை உரக்கப் படிக்க, இவர் காதால் கேட்டே படித்தார். 1904-ல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 27.

டேட்டன் நகரில் கடைகளுக்கான கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கையால் இயக்கிய கல்லாப்பெட்டிக்கு ஒரு மின்மோட்டார் பொருத்த வேண்டும். மோட்டார் பெரிதாக இருந்தால் பெட்டிக்குள் அடங்காது. கல்லாப்பெட்டி நாள் முழுக்க ஓடப்போவதில்லையே, ஒரு கணம்தானே ஓடப்போகிறது என்று யோசித்தார் கெட்டரிங். சின்ன மோட்டார்கூட ஒரு கணத்துக்கு மட்டும் தன் சக்திக்கு மீறி உழைக்கும். இந்த யோசனையை மறந்துவிடாதீர்கள், பிறகு மீண்டும் வரும்.

அங்கே உடன் வேலை பார்த்த எட்வர்ட் டீட்ஸ் என்பவரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. வேலை முடிந்த மாலைகளில் நண்பர்கள் அங்கே கூடி, காரின் மின்சாரக் கோளாறுகளைக் குடைந்தார்கள்.

பெட்ரோல் என்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். அதில் சரியான நொடியில் ஒரு தீப்பொறி விழ வேண்டும். அன்றைய கார்களில் அந்தப் பொறியை உண்டாக்கிய பேட்டரிகள் சீக்கிரமே தீர்ந்துபோயின. காரணம், ஒரே ஒரு பொறி போதும் என்ற இடத்தில் பொறிமழையே பொழிந்தது! கெட்டரிங் செய்த ஏற்பாட்டில் தேவையான நேரத்தில் ஒரே ஒரு வலுவான பொறி. பேட்டரியும் பிழைத்தது. காடிலாக் கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்ட் 1909-ல் 8,000 செட் வேண்டும் என்று கேட்டார். கெட்டரிங் வேலையை விட்டுவிட்டு, டீட்ஸுடன் சேர்ந்து டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கினார்.

அது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? ஒரு சுருளுக்குள் இரண்டு கம்பிச்சுற்றுகள். ஒன்றில் சில நூறு சுற்று, இன்னொன்றில் பல ஆயிரம் சுற்று. பேட்டரியின் மின்சாரம் முதல் சுற்றில் ஓடும்போது காந்தப்புலம் உருவாகும். 'பாயின்ட்' என்ற சின்ன வாய் திறந்து மின்சாரத்தைச் சட்டென்று வெட்டும். காந்தப்புலம் சரியும். அந்தக் கணத்தில் இரண்டாவது சுற்றில் சுமார் 20,000 வோல்ட் கிளம்பி, பிளக்கின் முனையில் பொறியாகத் தாவும்.

அடுத்ததுதான் கைப்பிடி. என்ஜினைச் சுற்றிவிட ஒரு மின்மோட்டார் வைத்தால் என்ன? காரைவிடப் பெரிய மோட்டார் அல்லவா வேண்டும் என்று பலர் சிரித்தார்கள். கெட்டரிங்கிற்குக் கல்லாப்பெட்டி நினைவுக்கு வந்தது! என்ஜின் கிளம்ப ஓரிரு நொடிகள் போதுமே. சிறிய மோட்டாரைச் செய்தார். என்ஜின் ஓடத் தொடங்கியபின் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றியது. 1912-ம் ஆண்டு காடிலாக் கார்கள் இந்த ஏற்பாட்டோடு வெளிவந்தன. கைப்பிடி சுற்றும் பலமில்லாதவர்களும் தனியாகக் கார் ஓட்ட முடிந்தது.

அவர் செய்ததெல்லாம் நல்லதாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவர் தலைவராக இருந்தபோது, 1921-ல் அங்கே வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி ஒன்றைக் கண்டுபிடித்தார். பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் என்ஜின் தடதடக்காமல் ஓடும். ஆனால் ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 1924-ல் அதைத் தயாரித்த இடத்தில் தொழிலாளர்கள் இறந்தார்கள். விற்பனை நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் கெட்டரிங்கேதான். எச்சரித்த மருத்துவர்களின் பேச்சு எடுபடவில்லை. இந்தியாவில் அந்த பெட்ரோல் 2000-ல்தான் நின்றது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 1945-ல் நியூயார்க்கில் தொடங்கிய நிலையத்தில் அவர் பெயரும் இருக்கிறது. 1958 நவம்பர் 25 அன்று டேட்டனில் கெட்டரிங் காலமானார். அவர் பெயரில் 180-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன.

அவருடைய பொறி அதன் பிறகும் பல ஆண்டுகள் உலகெங்கும் கார்களில் விழுந்துகொண்டிருந்தது. நம்மூர் அம்பாசிடரிலும் பாயின்ட் இருந்தது. பாயின்ட் தேயும், கரியும், அடிக்கடி சரி செய்ய வேண்டும். அதனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு, காந்தத்தை உணரும் ஒரு மின்னணுத் துண்டை வாங்கிப் பொருத்துகிறார்கள். சுருள், பிளக் எல்லாம் அப்படியே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையான கோளாறு வரும். சாவியைத் திருகிப் பிடித்திருக்கும்வரை என்ஜின் கிளம்பும். கையை விட்டதும் நின்றுபோகும்! சில பழைய கார்களில் சுருள் சூடாகாமல் இருக்க, வழியில் ஒரு மின்தடைக் கம்பி வைத்திருப்பார்கள். கிளம்பும் நேரத்தில் மட்டும் சுருளுக்கு முழு 12 வோல்ட் நேராக வரும். பிறகு தடை வழியாகக் குறைந்துதான் வரும். புதிய துண்டின் சிவப்பு ஒயரைத் தடைக்கு அப்பால், சுருளின் பக்கம் இணைத்துவிட்டால் அதற்கு மின்சாரம் பற்றாது. அனுபவமுள்ள மெக்கானிக் துண்டைத் தூக்கி எறியமாட்டார். பேட்டரியிலிருந்து சாவி, சாவியிலிருந்து தடை, தடையிலிருந்து சுருள் என்று ஒவ்வோர் இடமாக வோல்ட் மீட்டரை வைத்துப் பார்ப்பார். சிவப்பு ஒயரைக் கழற்றி, தடைக்கு முன்பு சாவியின் பக்கம் மாட்டுவார். பிறகு கறுப்பு ஒயரையும் எர்த் ஒயரையும் இழுத்துப் பார்ப்பார். (நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். அந்த 20,000 வோல்ட் இன்னும் அங்கேதான் இருக்கிறது!)