முகத்தைப் பார்த்து கலர் சொன்னவர்

சிபிஎஸ்இ-ல பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு இங்கிலீஷ் புக்ல வந்த அசோகமித்திரன் பாடம் ஞாபகம் இருக்கும். ஜெமினி ஸ்டூடியோ லாரி லாரியா வாங்கின பேன்கேக் மேக்கப் பத்தி அதுல எழுதியிருப்பார். தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ சாப்பிடற ஐட்டம்னு நினைச்சவங்கதான் அதிகம். அந்த பேன்கேக்குக்குப் பின்னாடி இருந்தவர் மேக்ஸ் ஃபேக்டர். இன்னிக்கு அது ஒரு பிராண்ட் பேர். ஆனா உண்மையிலேயே அப்படி ஒரு மனுஷர் இருந்தார். எந்த கலர் யாருக்குப் பொருந்தும்ங்கிற கேள்வியை ஒரு இன்ஜினியர் மாதிரி எடுத்துக்கிட்டவர்.

1870-களில் போலந்துல, ஒரு ஏழை யூதக் குடும்பத்துல பிறந்தார். அந்தப் பகுதி அப்போ ரஷ்யப் பேரரசோட பிடியில இருந்தது. மத்த பசங்க பள்ளிக்கூடம் போற வயசுல இவர் விக் செய்யறவர்கிட்ட வேலை கத்துக்கப் போனார். ஒவ்வொரு முடியா எடுத்துக் கோக்கற வேலை. முகத்தோட நிறத்துக்கும் முடியோட நிறத்துக்கும் என்ன சம்பந்தம்னு அவர் கண்ணு அங்கேயே பழக ஆரம்பிச்சது. பிறகு மாஸ்கோ போனார், ரியாசான்ல கடை போட்டார், அரச நாடகக் குழுக்களுக்கு விக்கும் மேக்கப்பும் செஞ்சு கொடுத்தார்.

வேலை பெருசு, சுதந்திரம் கிடையாது. யூதர்களுக்கு எதிரா கலவரங்கள் நடந்த காலம் அது. 1904-ல மனைவி, குழந்தைகளோட அமெரிக்காவுக்குத் தப்பிச்சுப் போனார். போறதுக்கு முன்னாடி முகத்துல மஞ்சள் சாயல் மேக்கப் போட்டு, நோயாளி மாதிரி தெரிஞ்சு, சிகிச்சைக்குன்னு வெளிய போக அனுமதி வாங்கினார்னு அவர் வாழ்க்கைக் கதையில சொல்வாங்க.

அமெரிக்காவுல இறங்கின வருஷமே செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில கடை போட்டார். 1908-ல லாஸ் ஏஞ்சலிஸ் வந்தார். சினிமா அப்போதான் அந்த ஊருக்குக் குடிவர ஆரம்பிச்சிருந்தது. நடிகர்கள் நாடக மேடையில பூசற கெட்டியான கிரீஸ் பெயின்ட்டையே சினிமாவுக்கும் பூசினாங்க. மேடையில தூரத்துல இருந்து பார்க்கறவங்களுக்கு அது சரியா தெரியும். கேமரா பக்கத்துல வந்தா, சிரிக்கும்போது பூச்சு வெடிக்கறது தெரியும். 1914-ல ஃபேக்டர் மெல்லிசா, முகத்தோட சேர்ந்து அசையற மாதிரி கிரீம் வடிவத்துல ஒண்ணு செஞ்சார். 12 ஷேடு. சினிமாவுக்குன்னே செஞ்ச மேக்கப் அது.

கலர் பிரச்சினை அதைவிடப் பெருசு. அப்போ இருந்த ஆர்த்தோகுரோமாடிக் பிலிமுக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. சென்சார் ரெஸ்பான்ஸ் கர்வ் பார்த்தவங்களுக்கு உடனே புரியும். சிவப்பு லிப்ஸ்டிக் போட்டா திரையில வாய் கறுப்பா விழும். கன்னத்துச் சிவப்பு அழுக்கு மாதிரி தெரியும். நீலக் கண்ணு வெளுத்துப் போகும். அதாவது ஒரு கலர் எப்படித் தெரியும்ங்கறது அந்த கலரை மட்டும் பொறுத்தது இல்ல. பக்கத்துல என்ன இருக்கு, எந்த வெளிச்சம் விழுது, யாரு பார்க்கறாங்க, எல்லாமே கணக்கு.

இந்த யோசனையை 1918-ல அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போனார். கலர் ஹார்மனின்னு பேர் வெச்சார். தோல், முடி, கண்ணு மூணையும் முதல்ல பாரு; அதுக்கு ஏத்த பவுடர், கன்னச் சிவப்பு, லிப்ஸ்டிக் மூணையும் ஒரே செட்டா எடு. சுருக்கமா இவ்வளவுதான். அழகான டப்பாவை எடுத்துட்டு முகத்தை அதுக்கு மாத்தறதை அவர் தலைகீழாக்கினார்.

1928-ல ஹாலிவுட் புது டங்ஸ்டன் விளக்குகளையும், எல்லா நிறத்தையும் பார்க்கற பான்குரோமாடிக் பிலிமையும் சோதிச்சுப் பார்த்தது. பழைய ஷேடு எல்லாம் ஒரே நாள்ல தப்பாயிடுச்சு. ஃபேக்டர் அந்தச் சோதனைகள்ல கலந்துக்கிட்டு முழு செட்டையும் புதுசா செஞ்சார்.

1935-ல ஹாலிவுட் பூல்வார்டு பக்கத்துல அவரோட பெரிய சலூன் திறந்தது. உள்ளே நாலு அறை. பொன்நிற முடிக்காரங்களுக்கு நீலச் சுவர், செம்முடிக்குப் பச்சை, கருமுடிக்கு இளஞ்சிவப்பு, பழுப்பு முடிக்கு பீச் நிறம். உட்கார்றவங்க முகத்தை எடுத்துக் காட்டற மாதிரி சுவர் கலரையே தேர்ந்தெடுத்திருந்தாங்க. இப்போ அந்தக் கட்டடம் ஹாலிவுட் மியூசியம்.

அடுத்து டெக்னிகலர் வந்தது. பளபளக்கற மேக்கப் பக்கத்துல இருக்கற துணியோட கலரை எல்லாம் முகத்துல பிரதிபலிச்சது. அதுக்குத் தீர்வா அவரும் மகன் ஃபிராங்கும் செஞ்சதுதான் பேன்கேக். ஈர ஸ்பாஞ்சால எடுத்துப் பூசினா பளபளப்பு இல்லாம நிக்கும். 1937-ல படத்துல வந்தது. 1938 ஆகஸ்ட்ல ஃபேக்டர் இறந்தார். மகன் தன் பேரை மேக்ஸ் ஃபேக்டர் ஜூனியர்னு மாத்திக்கிட்டு கம்பெனியை நடத்தினார்.

இதுவரைக்கும் வெற்றிக் கதை. ஆனா அந்த நாலு அறையை இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க. பிரிச்சது முடியோட நிறத்தை வெச்சு. முடி எதுவா இருந்தாலும் அதுக்குக் கீழ இருந்த தோல் வெள்ளைத் தோல்னு எடுத்துக்கிட்டாங்க. கறுப்பினப் பெண்களுக்குன்னு அங்கே ஐந்தாவது கதவு இல்ல. 1940-களில் எம்ஜிஎம் ஸ்டூடியோவுக்கு லீனா ஹார்ன் வந்தப்போ, அவங்களுக்காக அந்தக் கம்பெனி லைட் ஈஜிப்ஷியன்னு ஒரு ஷேடு செஞ்சு கொடுத்ததுன்னு சொல்வாங்க. அதே ஷேடைப் பூசி வெள்ளை நடிகைகளைக் கலப்பின வேஷத்துல நடிக்க வெச்சாங்க. 1951-ல வந்த ஷோ போட் படத்துல லீனா ஆசைப்பட்ட பாத்திரம் ஏவா கார்ட்னருக்குப் போச்சு. கலர் கிடைச்சது, ரோல் கிடைக்கல.

நம்ம பாஷையில சொன்னா, ஃபேக்டரோட அல்காரிதம் சரி, டேட்டாசெட் சின்னது. அவர் முன்னாடி வந்து உட்கார்ந்த முகங்களை வெச்சுதான் அவர் சார்ட் போட்டார்.

அந்த அல்காரிதத்தை நம்ம கிளாஸ்ல ஓட்டிப் பாருங்க. முடி எல்லாருக்கும் கறுப்பு, கண்ணு கறுப்பு இல்ல அடர் பழுப்பு. மூணு வேரியபிள்ல ரெண்டு கிட்டத்தட்ட மாறிலி. மீதி இருக்கறது தோல். அது ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருக்கற நாலு பேருக்கு நாலு விதம். மாநிறத்துலயே ஒருத்தருக்கு மஞ்சள் சாயல் இருக்கும், இன்னொருத்தருக்குச் சிவப்புச் சாயல். அப்படி இருக்கும்போது எல்லாருக்கும் ஒரே ஷேடு, அதுவும் ரெண்டு படி வெளுப்பா, எப்படிப் பொருந்தும்? கல்யாண ஆல்பத்துல முகம் சாம்பல் பூத்த மாதிரியும் கழுத்து வேற ஆளோடது மாதிரியும் இருக்கறதுக்குக் காரணம் தோல் இல்ல. தப்பான ஷேடு.

கல்ச்சுரல்ஸுக்கு ஃபவுண்டேஷன் வாங்கப் போறவங்க கையில தடவிப் பார்க்காதீங்க. தாடை ஓரத்துல மூணு ஷேடைக் கோடு மாதிரி தடவிட்டு, கடையை விட்டு வெளிய வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க. எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாம தோலோட கலந்துடுதோ அதுதான் உங்களோடது. மேடை ஏறப் போறீங்கன்னா அந்த லைட்டுக்குக் கீழ ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துடுங்க. கடையில உங்க ஷேடு இல்லைன்னா, அது அந்த ஷெல்ஃபோட குறை. உங்க முகத்தோட குறை இல்ல.