இரண்டு அழைப்புகள்

அன்னை தெரசா என்றவுடன் நீலக்கரை இட்ட வெள்ளைப் புடவையே நம் கண்முன் தோன்றுகிறது. ஆனால், அப்புடவையை அவர் முதன்முதலாக உடுத்தியபோது அவருக்கு வயது 37. அதற்கு முன்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வேறோர் உடையில், வேறொரு சபையில் துறவியாகவே வாழ்ந்தார். தம் வழி எது என்பதை அவர் இருமுறை தேட வேண்டியிருந்தது.

1910 ஆகஸ்டு 26இல், இன்று வட மாசிடோனியாவின் தலைநகராக விளங்கும் ஸ்கோப்யே நகரில், அல்பேனியக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆக்னஸ். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் தையல் தொழில் செய்து மூன்று மக்களையும் வளர்த்தார். வங்காளத்தில் தொண்டாற்றிய இயேசு சபைக் குருக்கள் எழுதிய மடல்களைக் கேட்டுக் கேட்டு, ஆக்னஸின் உள்ளம் கடல் கடந்து சென்றது. பன்னிரண்டாம் வயதில் துறவு எண்ணம் அரும்பியது. எனினும், ஆசை வேறு; அழைப்பு வேறு. இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது என்று பங்குத்தந்தையிடம் வினவினார். உள்ளத்தில் நிலைத்து நிற்கும் ஆழ்ந்த மகிழ்ச்சியே திசைகாட்டும் கருவி என்று அவர் விளக்கினார். ஆக்னஸ் உடனே முடிவெடுத்துவிடவில்லை. ஆறு ஆண்டுகள் பொறுத்திருந்தார்.

பதினெட்டாம் வயதில் தம் முடிவைத் தாயிடம் கூறினார். தாய் தம் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். ஒரு நாள் கழித்தே வெளியே வந்து மகளுக்கு ஆசி கூறினார். தாய்க்கும் அது எளிய முடிவன்று. 1928இல் சாக்ரெப் நகரின் தொடர்வண்டி நிலையத்தில் பிரிந்த அவ்விருவரும் மீண்டும் சந்திக்கவே இல்லை.

அயர்லாந்து சென்று லொரேட்டோ சபையில் சேர்ந்த ஆக்னஸ், சில வாரங்களிலேயே இந்தியாவுக்குக் கப்பலேறினார். கப்பல் கொழும்பிலும் சென்னையிலும் நின்றது. சென்னைத் தெருவோரங்களில் வீடின்றிக் கிடந்த குடும்பங்களைக் கண்டு அவர் திகைத்தார்; அதனை இதழொன்றுக்கு எழுதியும் அனுப்பினார். 1929 ஜனவரி 6இல் கல்கத்தாவை அடைந்தார். டார்ஜிலிங்கில் துறவுப் பயிற்சி பெற்று, 1931இல் தெரசா என்னும் பெயருடன் முதல் வார்த்தைப்பாடு அளித்தார். பின்னர் கல்கத்தாவின் எண்டாலிப் பகுதியிலிருந்த தூய மரியாள் பள்ளியில் ஆசிரியராகி, தலைமையாசிரியராகவும் உயர்ந்தார். வங்காள மொழியை அவர் நன்கு கற்றிருந்ததால், உடன் வாழ்ந்த சகோதரியர் அவரை வங்காளத் தெரசா என்றே அழைத்தனர்.

அங்கே அவர் மகிழ்ச்சியாகவே இருந்தார். இரண்டாம் தேடலைக் கடினமாக்கியதும் அதுவே. 1946 செப்டம்பர் 10 அன்று, தியானத்திற்காக டார்ஜிலிங் செல்லும் தொடர்வண்டியில், மடத்தை விட்டு வெளியேறி ஏழையருள் ஏழையரோடு வாழ வேண்டும் என்ற அழைப்பை உணர்ந்தார். ஆயினும், திரும்பி வந்தவர் உடனே தெருவில் இறங்கிவிடவில்லை. தம் ஆன்ம வழிகாட்டியிடம் அனைத்தையும் எழுதிக் கொடுத்தார். பேராயர் பெரியர் அவசரப்படவில்லை. இது இறைவனின் விருப்பமா, ஒருவரின் மனவெழுச்சியா என்று நெடுங்காலம் ஆராய்ந்தார். தெரசா கெஞ்சி மடல்கள் எழுதினார். ஆனால் இசைவின்றி ஓர் அடியும் எடுத்துவைக்கவில்லை. உரோமின் இசைவு வந்து சேர ஏறத்தாழ ஈராண்டுகள் ஆயின.

1948 ஆகஸ்டில் மடத்தை விட்டு வெளியேறி, பாட்னாவில் மருத்துவச் சகோதரியரிடம் செவிலியர் பயிற்சி பெற்றார். தம் சபையினர் சோறும் உப்பும் மட்டுமே உண்பர் என்று அவர் எண்ணியிருந்தார். அவ்வாறு உண்டால் நோயாளிக்குப் பணி செய்ய வந்தவரே நோயாளியாவார் என்று அச்சகோதரியர் கடிந்து எடுத்துரைத்தனர். தெரசா தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். ஆண்டின் இறுதியில் கல்கத்தாவின் மோதிஜில் சேரியில், கரும்பலகை இல்லாமையால், மண்தரையில் குச்சியால் வங்காள எழுத்துகளை எழுதிக் காட்டிச் சிறுவர்களுக்குக் கற்பித்தார்.

1950 அக்டோபர் 7இல் அவருடைய அன்பின் பணியாளர் சபையைத் திருச்சபை ஏற்றது. அதில் முதலாவதாக வந்து சேர்ந்தவர், அவரிடம் பள்ளியில் பயின்ற சுபாஷிணி தாஸ். அம்மாணவி ஏற்றுக்கொண்ட துறவுப் பெயர் ஆக்னஸ்.