மணி ஐயரும் அமெரிக்க ஜனாதிபதியும்

அமெரிக்காவில் நான்கு வருஷங்களுக்கு ஒருமுறை ஜனாதிபதித் தேர்தல் நடைபெறுகிறது. அப்பொழுதெல்லாம் விருதுநகர்க் கடைவீதியிலும், சிவகாசியில் அச்சுக்கூடங்கள், பட்டாசு ஆலைகள் இவற்றின் வாசல்களிலும், யார் ஜெயித்தால் நமக்கு என்ன லாபம் என்ற பேச்சு எழுவதைக் கேட்கிறோம். பருத்தி, மிளகாய், எண்ணெய் என்று தூரதேசத்து விலையையும் பார்த்துத் தராசைத் தூக்கும் சீமையில் இக்கேள்வி பிறப்பது இயல்பே. ஆனால் இதனினும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அந்நிய நாட்டுத் தலைவர் ஒருவர் உலகுக்கெல்லாம் பொதுவாக ஒரு நீதியைச் சொன்னால், அதைக் கேட்ட நாம் செய்ய வேண்டுவது என்ன? நூறு வருஷங்களுக்கு முன்பே இதற்குத் தமது செய்கையால் விடையளித்தவர், நமது அண்டை நகரமாகிய மதுரையில் பிறந்த ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர். மணி ஐயர் என்றே தமிழ்நாடு அவரை அறியும்.

அவர் 1842-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி பிறந்தார். தகப்பனார் ராமநாதபுரம் ஜமீனின் வக்கீலாக மதுரையில் இருந்தவர். குழந்தைக்கு இரண்டு வயது ஆகுமுன்போ ஆனவுடனோ தந்தை காலமானார். மதுரைப் பள்ளிக்கூடங்களில் படித்து, சிறு குமாஸ்தா வேலை பார்த்து, சொந்த முயற்சியால் சட்டம் பயின்று 1868-ல் பி.எல். பட்டம் பெற்றார். மறு வருஷம் முதல் சுமார் பதினைந்து ஆண்டுகள் மதுரையில் வக்கீல் தொழில் நடத்தினார். மனைவியார் இறந்தபின் சென்னைக்குக் குடியேறினார். 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபைக்குச் சென்ற பிரதிநிதிகளில் அவரும் ஒருவர். 1888-ல் சர்க்கார் வக்கீல், 1895-ல் ஹைகோர்ட் நீதிபதி, மூன்று முறை தற்காலிகப் பிரதம நீதிபதி என்று உயர்ந்து, 1900-ல் ஸர் பட்டமும் பெற்றார். கண்பார்வை குன்றியதால் 1907-ல் பதவியினின்று விலகினார்.

இத்தகைய பெருமைகளுடன் ஓய்வு பெற்றவர்கள் பென்ஷனும் பட்டமுமாக அமைதியாக வாழ்ந்து மறைவதே அக்காலத்து வழக்கம். மணி ஐயரோ, 1916-ல் அன்னி பெஸண்ட் அம்மையார் ஹோம்ரூல் லீகை ஸ்தாபித்தபோது, எழுபது வயது கடந்த நிலையில் அதன் கௌரவத் தலைமையை ஏற்றார்.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கர் உட்ரோ வில்ஸனை இரண்டாம் முறை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தனர். நாட்டை ஐரோப்பிய யுத்தத்தில் சிக்காமல் காத்தவர் என்பதே அவர் கட்சியார் செய்த பிரசாரம். போட்டி கடுமையாக இருந்தது; காலிபோர்னியா மாகாணத்தின் வோட்டுகளை எண்ணிய பிறகே முடிவு தெரிந்தது. ஐந்து மாதங்கள் கழியுமுன் அதே வில்ஸன் யுத்தப் பிரகடனம் கோரித் தமது காங்கிரஸின் முன் நின்றார். 1917 ஏப்ரல் 2-ந் தேதிய அப்பிரசங்கத்தில், ஜனநாயகத்துக்கு உலகில் பாதுகாப்புத் தேடவும், ஆளப்படுவோர்க்குத் தங்கள் அரசாங்கத்தில் குரல் கிடைக்கவுமே தாம் போருக்குப் போவதாக அவர் அறிவித்தார்.

இவ்வார்த்தைகள் இந்தியாவுக்கும் உரியனவா? சட்டப்படி மணி ஐயர் ஒரு பிரிட்டிஷ் பிரஜை. பிரிட்டனோ அமெரிக்காவின் தோழன். ஆளப்படுவோர்க்குக் குரல் வேண்டுமென்று தோழன் முழங்கிய சில வாரங்களுக்குள், அக்குரலைக் கேட்ட குற்றத்திற்காக, அன்னி பெஸண்டையும் அவருடைய சகாக்களான அருண்டேல், வாடியா இருவரையும் சென்னை சர்க்கார் 1917 ஜூனில் காவலில் வைத்தது. அம்மாதம் 24-ந் தேதி மணி ஐயர் வில்ஸனுக்கு நேரே கடிதம் எழுதினார். அமெரிக்கா சென்ற ஹாட்ச்னர் தம்பதிகள் அதைக் கையோடு எடுத்துச் சென்றனர்.

இந்தியா விலங்கு பூண்ட நாடு என்றும், அதன் உண்மை நிலை வெளியுலகுக்கு எட்டாதபடி மறைக்கப்படுகிறது என்றும் அவர் எழுதினார். சுயாட்சி வாக்களிக்கப்பட்டால் மூன்று மாதத்தில் 50 லட்சம் பேரும், அடுத்த மூன்று மாதத்தில் மேலும் 50 லட்சம் பேரும் போர்முனைக்கு வரச் சித்தமாவர் என்றார். இந்த எண்ணிக்கை மிகையானதென்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. யுத்தம் முடியும்வரை கடல் கடந்து சென்ற இந்தியரே பத்து லட்சத்துக்குச் சற்று அதிகம்தான். கணக்கில் பிழை உண்டு. கோரிக்கையில் பிழை இல்லை. உலகுக்குச் சொன்ன நீதியை எங்களுக்கும் கொடு என்பதே அதன் சாரம்.

அவ்வருஷ முடிவில் சென்னைக்கு வந்த இந்தியா மந்திரி மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்போர்டும் அம்முதியவரை நேரில் கடிந்துகொண்டனர். 1918-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டிலும் விஷயம் எழ, மாண்டேகு அக்கடிதத்தை மிகக் கடுமையாகக் கண்டித்தார். மணி ஐயர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஸர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்துவிட்டார். ரவீந்திரநாத தாகூர் தமது ஸர் பட்டத்தைத் துறந்தது 1919-ல். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியது 1920-ல். இரண்டுக்கும் முன்னோடியாக நின்றவர் நமது மதுரைக் கிழவரே.

வில்ஸன் என்ன ஆனார்? 1918 நவம்பர்த் தேர்தலில் அவர் கட்சி இரு சபைகளிலும் பெரும்பான்மையை இழந்தது. பாரிஸ் சமாதான மகாநாட்டில் இந்தியாவின் பெயரால் அமர்ந்தவர்கள் சர்க்கார் பொறுக்கியவர்களே. எகிப்தும் கொரியாவும் நம்மைப் போலவே ஏமாந்தன. அவர் செய்துவந்த உடன்படிக்கையை அவர் நாட்டு ஸெனட் சபையே நிராகரித்தது. இதற்கிடையே 1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலாபாக்கில் நம் மக்கள் சுட்டுத் தள்ளப்பட்டனர்.

அப்படியானால் கடிதம் வீணா? அல்ல. வாஷிங்டனிலிருந்து வராத விடை நம் ஊர்களிலிருந்து வந்தது. விருதுபட்டி என்று அப்பொழுது வழங்கிய விருதுநகரில், மாமன் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தினந்தோறும் பத்திரிகை படித்த காமராஜர் என்ற சிறுவர், ஹோம்ரூல் கிளர்ச்சியால் கவரப்பட்டு, பஞ்சாப் படுகொலைச் செய்தியால் தேசத் தொண்டில் இறங்கினார். பிறநாட்டுத் தீப்பெட்டியையே நம்பியிராமல், 1920-களில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பினர். பிறர் கையை எதிர்பார்த்து நில்லாத சீமை இது.

மணி ஐயர் 1924 டிசம்பர் 5-ந் தேதி காலமானார். அயல்நாட்டுத் தேர்தலை நாம் கவனிக்க வேண்டியதே. ஆனால் எவர் ஜெயித்தார் என்பதோடு நின்றுவிட்டால் நாம் வேடிக்கை பார்ப்பவர்களே ஆவோம். அவர்கள் பேசிய நீதியை அவர்களுக்கே நினைவூட்டும் துணிவும், அது பலிக்காதபோது நம் காலில் நிற்கும் உறுதியும் நமக்கு வேண்டும். பார்வை மங்கிய அம்முதியவர் தெளிவாகக் கண்ட உண்மை இதுவே.