தொழிலைக் கேட்ட வைத்தியர்

கண்டி, நாவலப்பிட்டி, மாத்தளைத் தோட்டங்களிலே புல்லுக்கு மருந்து அடித்துவிட்டு வரும் தொழிலாளிக்குத் தலைச்சுற்றோ கண்ணெரிச்சலோ கண்டால், வைத்தியரிடம் செல்கிறார். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்ற கேள்விகளோடு, என்ன வேலை செய்கிறீர் என்ற கேள்வியும் அங்கு எழுமாயின், அதற்காக நாம் நன்றி கூறவேண்டிய மேதை ஒருவர் உளர்.

பெர்னார்தீனோ ராமட்சீனி 1633இல் இத்தாலியின் கார்பி என்னும் சிற்றூரிலே பிறந்தார். பார்மாவிலே மருத்துவம் கற்றார். பின்னர் மொடெனா நகரிலே குடியேறி, 1682இல் அங்கே பேராசிரியரானார்.

ஒருநாள் அவர் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்யவந்த தொழிலாளி, இளைப்பாறாமல் விரைந்து வேலை செய்வதைக் கண்டு காரணம் வினவினார். 4 மணித்தியாலத்துக்கு மேல் குழியில் நின்றால் கண் போய்விடும் என்று பதில் வந்தது. ராமட்சீனி அவருடைய கண்களைப் பார்த்தார், சிவந்து மங்கியிருந்தன. அதே தொழில் செய்து பார்வை குன்றியோர் நகரிலே பிச்சை எடுப்பதையும் கண்டார். இத்தொழிலாளரின் பையிலிருந்த வெள்ளி, செம்பு நாணயங்கள் கறுத்துப்போவதையும் குறித்துக்கொண்டார். குழியிலிருந்து எழும் ஆவியே குற்றவாளி என்று முடிவுசெய்து, ஒளி புகும் மெல்லிய தோற்பையால் முகத்தை மூடிக்கொள்ளும்படி ஆலோசனை கூறினார்.

அதன்பின் அவர் பட்டறை பட்டறையாகச் சென்றார். மட்பாண்டத்துக்கு மெருகிடுவோரை ஈயமும், கண்ணாடிக்குப் பூச்சிடுவோரை இரசமும் வாட்டுவதை எழுதினார். 1700இல் வெளிவந்த அவரது நூல், பண்டைய வைத்தியர் நோயாளியிடம் கேட்டுவந்த கேள்விகளோடு தொழிலைப் பற்றிய கேள்வியையும் சேர்த்தது.

அந்நூலிலே ஒரு வழக்கும் உண்டு. பினாலே என்னும் ஊரிலே இரசக் கூட்டுப்பொருள் செய்யும் தொழிற்சாலையின் புகை அயலாரைக் கொல்கிறது என்று ஊரவர் ஒருவர் நீதிமன்றம் சென்றார். ஊர் வைத்தியரின் சாட்சியத்தோடு, பங்குக் கோவிலின் மரணப் பதிவேட்டையும் முன்வைத்தார். தொழிற்சாலையை அண்டிய பகுதியிலே ஏனைய இடங்களிலும் அதிகமானோர் ஆண்டுதோறும் இறந்ததை அது காட்டிற்று. எனினும் முதலாளியே வென்றார். ஆனால், நஞ்சின் தீமையை அறிய, அதை அண்டி வாழ்வோரின் நோயையும் சாவையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்ற வழி அன்றே தெரிந்துவிட்டது.

ராமட்சீனி 1700இல் பாதுவாவுக்கு அழைக்கப்பட்டார். முதுமையிலே பார்வை மங்கியபோதும் கற்பிப்பதை விடவில்லை. 1713இல் நூலை விரிவாக்கி வெளியிட்டு, அடுத்த ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி மறைந்தார்.

அவர் காட்டிய வழி நம் ஊருக்கும் வந்திருக்கிறது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், எந்தப் பூச்சிமருந்து, எந்தக் களைநாசினி நாட்டிலே விற்கப்படலாம் என்பதைத் தீர்மானிக்கும் பதிவாளர் அலுவலகம் பேராதனை, கெட்டம்பேயிலே இருக்கிறது. பரகுவாட் என்னும் களைநாசினியை உட்கொண்டோரிலே மிகப் பலர் மாண்டதை ஆஸ்பத்திரிக் கணக்குகள் காட்டின. 2008 முதல் அது படிப்படியாக விலக்கப்பட்டது.

ஆயினும் கணக்குக்கு முதல் வேண்டியது தொழிலாளியின் வாய்ச்சொல். மருந்து அடித்தபின் உடல் சுகமில்லையென்றால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல், எந்த மருந்து, எத்தனை மணித்தியாலம், கையுறை இருந்ததா என்பதை நாமே சொல்லவேண்டும். மருந்துப் போத்தலிலுள்ள பெயரை எழுதிக்கொண்டு போவது இன்னும் நன்று. அந்த மலக்குழித் தொழிலாளி வாய் திறந்திராவிட்டால், ராமட்சீனியும் ஒன்றும் அறிந்திருக்கமாட்டார்.